காப்பு கட்டிய தெருவில் கண்ணாடி நூல்

அத்தியாயம் 11

"கடப்பாறையக் கீழ வைப்பா மொதல்ல!"

குப்பத்துப் பெரியவள் ஆராயி போட்ட சத்தத்தில், தெருமுனையில் கடப்பாறையை ஓங்கிய ஜெபகுமார் அப்படியே நின்றுவிட்டான்.

"இன்னாம்மா ஆச்சு? ரெண்டடிதான் தோண்டப் போறேன்."

"ரெண்டு அங்குலம் தோண்டிப் பாரு, அப்புறம் சொல்றேன். முந்தாநாளு ஆத்தாளுக்குக் காப்பு கட்டிக்கீது. கோயில்ல பந்தக்கால் ஊனிட்டா, திருவிழா முடியற வரிக்கும் இந்தக் குப்பத்துல வேற எந்தக் கம்பமும் ஊனக் கூடாது. யாரக் கேட்டு வந்த நீ?"

"பானுமதி அக்கா வூட்டுக்கு நெட் கனெக்ஷன்மா. மெயின் ரோட்டுல இருந்து ஒயர் இழுக்கணும்னா நடுவுல ஒரு கம்பம் வேணும்."

"திருவிழா முடிஞ்சு வா. ஒம்போது நாளுதான்."

ஒன்பது நாள்! தலையில் காலி மீன் அன்னக்கூடையோடு தெருவுக்குள் நுழைந்த பானுமதியின் காதில் விழுந்தது அந்த ஒரு வார்த்தைதான். அவளுக்கு ஒன்பது மணி நேரம்கூட இல்லை. இன்று வியாழக்கிழமை. சரியாக நாலு மணிக்குச் சோதனை.

மகள் சுவேதா பிரசவத்துக்கு முன்னால் சிறுசேரியில் மெடிக்கல் கோடிங் வேலை பார்த்தவள். ஆஸ்பத்திரிக் குறிப்பைப் படித்து ஒவ்வொரு வியாதிக்கும் ஓர் எண் போடுகிற வேலை. குழந்தைக்கு ஒரு வயது ஆனதும் கம்பெனி திரும்பக் கூப்பிட்டது. வீட்டிலிருந்தே பார்க்கலாம், ஆனால் செல்போன் நெட் செல்லாது, வீட்டுக்கு ஒயரில் வரவேண்டும். அரை மணி நேரம் நாங்களே சோதிப்போம், ஒரு தடவைகூட அறுபடக் கூடாது. அறுபட்டால் திங்கள்கிழமை சிறுசேரிக்கு நேரில் வந்து சேர வேண்டும் என்றார்கள்.

நேரில் என்றால் ஹாஸ்டல். ஹாஸ்டல் என்றால் இன்னும் தாய்ப்பாலை மறக்காத குழந்தையை விட்டுவிட்டுப் போவது. மாப்பிள்ளை கிஷோர் மஸ்கட் போய் ஏழு மாதம் ஆகிறது. அங்கே அவருக்குச் சம்பளமே சரியாக வரவில்லையாம். அதனால் வேலையை விடுகிற பேச்சுக்கும் இடமில்லை.

"ம்மா, இப்ப இன்னா பண்றது?" வாசலுக்கு ஓடிவந்த சுவேதாவின் இடுப்பில் குழந்தை.

"இரு, யோசிக்க வுடு."

"அப்பவே அந்த சிம் போட்ற பெட்டிய வாங்கியிருக்கலாம். ஒயரும் வாணாம், கம்பமும் வாணாம்."

"உன் கம்பெனிதான் காத்துல வர்றது வாணாம்னுட்டுதே."

"கேட்டுப் பாத்திருக்கலாம்."

"நான் பாத்துட்டுத்தான் சொல்றேன்டி."

பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். பத்து நாளாகக் கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் மீன் போடுகிற வீடுகளிலெல்லாம் பானுமதி விசாரித்திருந்தாள். எல்லாரும் "எங்களுது நூறு", "எங்களுது இருநூறு" என்று பெருமையாக ஏதோ எண் சொன்னார்கள். மீன் வாங்குகிறவளுக்கு விற்கிறவன் சொல்லும் பெருமையில் என்ன நம்பிக்கை? செவுளைத் திறந்து பார்க்கிற மாதிரி அவள் இரண்டே கேள்வி வைத்திருந்தாள்.

"சாயங்காலம் ஏழு மணிக்கு, எல்லாரும் மேட்ச் பாக்கசொல்ல எப்பிடி கீது? மழையில எப்பிடி கீது?"

காற்றில் வருகிற பெட்டி வைத்தவர்கள் முதல் கேள்வியிலேயே பல்லைக் காட்டினார்கள். காலையில் பறக்குமாம், சாயங்காலம் படுத்துவிடுமாம். கேபிள் டிவிக்காரனிடம் வாங்கியவர்கள் இரண்டாவது கேள்வியில் விழுந்தார்கள்.

கடைசியில் ஏழாம் தெரு கோதண்டராமன் சார்தான் வஞ்சிர மீனைக் கையில் வைத்துக்கொண்டே நின்று விளக்கினார். "பானும்மா, படம் பாக்குறவனுக்கு நெட்டு வந்தா போதும். வேலை பாக்குறவளுக்கு இங்கேருந்து போகவும் வேணும். கேபிள்ல வர்றது வேகம், போறது ஆமை. ஃபைபர்ல ரெண்டும் ஒண்ணு. உள்ளே கண்ணாடி நூல், அதுல வெளிச்சம் ஓடுது."

"கண்ணாடியா சார்? அப்போ உப்புக் காத்துல களிம்பு ஏறாதே?"

"ஏறாது."

அந்த நிமிஷமே அவள் முடிவு எடுத்துவிட்டாள். கடலோரத்தில் செம்புக் கம்பி என்ன கதியாகும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் அந்த முடிவில் ஒருவனுக்குக் கோபம். அவள் புருஷன் தணிகைவேலின் தம்பி லோகு. ஊருக்கே கேபிள் டிவி கொடுக்கிறவன், நெட்டும் கொடுக்கிறவன். "எங்க அண்ணன் வூட்டுலயே என் லைனு வாணாமாம்" என்று கடைத்தெருவில் சொல்லிவிட்டுப் போனவன், அதற்கப்புறம் இந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

பானுமதி தெருவை அண்ணாந்து பார்த்தாள். மெயின் ரோட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில், துருப்பிடித்து ஆனால் கெட்டியாக, ஏற்கெனவே ஒரு இரும்புக் கம்பம் நின்றுகொண்டிருந்தது. அதிலிருந்து கறுப்புக் கேபிள்கள் நாலா பக்கமும் போயின.

"தம்பி," என்றாள் ஜெபகுமாரிடம். "அந்தக் கம்பத்துல கட்டலாமா?"

"தாராளமா கட்டலாம்கா. ஆனா அது கேபிள்காரருது. அவரு தொட வுடுவாரா?"

"நீ இங்கயே குந்து. டீ சாப்புடு. நான் வந்துட்றேன்."

"ம்மா, சித்தப்பாகிட்டயா போற?" சுவேதாவின் கண் விரிந்தது.

"வேற எங்க போறது?"

லோகுவின் வீடு புதுப்பட்டினம் கடைத்தெருவை ஒட்டி, குப்பத்து எல்லைக்கு வெளியே இருந்தது. லோகு சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணியைப் பார்த்ததும் எழுந்தான். எழுந்த பிறகுதான் தனக்குக் கோபம் என்பது ஞாபகம் வந்ததுபோல மறுபடி உட்கார்ந்தான்.

"வா அண்ணி. இன்னா இந்தப் பக்கம்? வழி தவறிடுச்சா?"

"வழி நல்லாத்தான் தெரியும். உன் கம்பம் வேணும் லோகு."

"இன்னாது?"

"தெருமுனைல கீற உன் கம்பம். அதுல எங்க ஒயர ஒரு கட்டு கட்டிக்கணும்."

லோகு சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை. "அண்ணி, இது நியாயமா? என் லைனு உனக்கு வாணாம். என் கம்பம் மட்டும் வேணுமா?"

"ஆமா. கம்பம் நல்லாக் கீது. லைனு நல்லா இல்ல. மூஞ்சிக்கு நேரா சொல்றேன், கோச்சிக்காத."

"யாரு சொன்னா நல்லா இல்லன்னு? பன்னெண்டு வருசமா ஊரே பாக்குது!"

"பாக்குது. மழை பேஞ்சா புள்ளி புள்ளியா பாக்குது. ஜாயின்ட்டுல களிம்பு ஏறி, மாசம் ஒருக்கா நீயே ஏணி போட்டுச் சுரண்டிக்கினு கீறியே, நான் பாக்கலியா?"

லோகு பதில் சொல்ல வாயைத் திறந்தான். அப்போது பானுமதியின் கண் அவன் தலைக்கு மேலே போயிற்று. சாமி படத்துக்குப் பக்கத்தில், காய்ந்த சம்பங்கி மாலைக்குப் பின்னால் பாதி ஒளிந்துகொண்டு ஒரு வெள்ளைப் பெட்டி. பெட்டியில் அசையாமல் எரிகிற பச்சை விளக்கு. பெட்டிக்குள் போவது கேபிள் மாதிரி தடித்த கறுப்பு ஒயர் இல்லை. மெல்லிசான மஞ்சள் நூல்.

இதே பெட்டியின் படத்தைத்தான் ஜெபகுமார் அவளுக்குக் காட்டியிருந்தான்.

"லோகு."

"இன்னா?"

"இது இன்னா?"

"எது?"

"சாமிக்குப் பக்கத்துல மாலை போட்டு வெச்சிக்கிறியே, இது."

லோகுவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "அது... அது டெஸ்டிங்குக்கு அண்ணி. போட்டிக் கம்பெனி எப்பிடி ஓடுதுன்னு நாம பாக்கணும் இல்ல?"

"எத்தினி மாசமா டெஸ்டிங் நடக்குது?"

"ஒரு... பதினாலு மாசமா."

பானுமதி வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் நிற்கவில்லை. சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்த லோகுவும் கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்துவிட்டான்.

"வெளிய சொல்லிடாத அண்ணி. மானம் போயிடும். பொண்டாட்டி பேர்லதான் வாங்கி வெச்சிகிறேன்."

"நான் எதுக்குச் சொல்றேன்? கம்பத்தக் குடு."

"கேட்டாக் குடுக்க மாட்டேனா?" லோகுவின் குரல் இறங்கியது. "லைன மாத்துனது எனக்கு வருத்தமே இல்ல அண்ணி. என்னை ஒரு வார்த்த கேக்காமப் போனீங்க பாரு, அதுதான். எது நல்லதுன்னு என்னைக் கேட்டிருந்தா நானே இதத்தான் சொல்லியிருப்பேன்."

பானுமதிக்குச் சுருக்கென்றது. பத்து நாளாக ஊரெல்லாம் கேட்டவள், உள்ளூரிலேயே இந்தத் தொழில் தெரிந்த ஒருத்தனைக் கேட்கவில்லை. சண்டை வருமே என்று பயந்து, கேட்காமல் விட்டே சண்டையை வாங்கிக்கொண்டாள்.

"தப்புதான் லோகு. இப்ப கேக்குறேன். வர்றியா?"

"ஏணிய எடுத்துக்கினு வர்றேன். நீ முன்னால போ."

லோகு வந்தான். அவனே கம்பத்தில் ஏறினான். ஆராயி கீழே நின்று, புதிதாக எதுவும் ஊனுகிறார்களா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். ஊனவில்லை என்றதும், "ஒயர இன்னும் கொஞ்சம் தூக்கிக் கட்டு லோகு, கரகம் வரும்போது இடிக்கப் போவுது" என்று மேற்பார்வையே செய்ய ஆரம்பித்துவிட்டாள்.

இரண்டு மணிக்கு வீட்டுக்குள் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

"அவ்ளோதான்கா," என்றான் ஜெபகுமார். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. உள்ள இருக்கிறது கண்ணாடி. உங்க கை வளையல் இருக்குதே, அந்த வட்டத்தவிட சின்னதா இத மடிக்கக் கூடாது. மடிச்சா வெளிச்சம் திரும்பாது, வெளிய சிந்திடும்."

"சரிப்பா."

அவன் அடுத்த வேலைக்குத் திருக்கழுக்குன்றம் கிளம்பினான். பானுமதி சமையலறைக்குள் போனாள். காலையிலிருந்து வயிற்றில் ஒன்றும் விழவில்லை.

மூன்று மணிக்குத் தணிகைவேல் கரையிலிருந்து வந்தான். கடல்காற்று எழும்பியிருந்தது. வாசல் தூணுக்கு மேலே புது ஒயர் ஊஞ்சல் மாதிரி ஆடியது. அவனுக்கு அது பிடிக்கவில்லை. ஆடுகிற எதையும் கட்டிப் போடாமல் விட்டால் படகுக்காரனுக்குத் தூக்கம் வராது.

"சுவேதா! இன்னா இவன், இப்பிடி தொளதொளன்னு வுட்டுட்டுப் போயிக்கிறான்? அறுந்து போவாதா?"

"தெரியலப்பா. நான் லேப்டாப்புல இருக்கேன்."

"நீ பாரும்மா. அப்பா பாத்துக்கிறேன்."

மூன்றரை மணிக்குப் பானுமதி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது சுவேதா பெட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"ம்மா. செவப்பு எரியுது."

பச்சை இல்லை. சிவப்பு விளக்கு கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி எரிந்தது.

"அணைச்சுப் போட்டியா?"

"ரெண்டு வாட்டி போட்டுட்டேன்மா. ஜெபகுமாருக்கும் போன் பண்ணேன். இங்க வர ஒரு மணி நேரம் ஆகுமாம். வெளிச்சமே வரலைக்கா, எங்கயோ மடிஞ்சிருக்கும், பாருங்கன்னு சொல்றாரு."

எங்கேயோ மடிந்திருக்கும். பானுமதி வாசலுக்கு ஓடினாள். தணிகைவேல் தூணருகே பெருமையாக நின்றுகொண்டிருந்தான்.

"வா பானு. பாத்தியா? இனி பொயல் அடிச்சாலும் அசையாது."

தூணில் அடித்த ஆணியில் ஒயரை மூன்று சுற்றுச் சுற்றி, இறுக்கி, அதன்மேல் வலைநூலால் இடமே இல்லாமல் கட்டி, நங்கூரத்துக்குப் போடுகிற முடிச்சைப் போட்டிருந்தான்.

"யோவ்! இன்னாய்யா பண்ணி வெச்சிக்கிற?"

"கட்டிக்கிறேன். காத்துல ஆடுதேன்னு..."

"அது கயிறு இல்லய்யா! கண்ணாடி! கழுத்த நெரிக்கிற மாதிரி நெரிச்சு வெச்சிக்கிற. வெளிச்சம் எப்பிடிப் போவும்?"

தணிகைவேலின் முகம் வெளுத்தது. முடிச்சில் விரலை வைத்தான். அவன் கையால் போட்ட முடிச்சு, அவன் கைக்கே அசையவில்லை. அதன் பெருமையே அதுதானே, இழுக்க இழுக்க இறுகும்.

"அவுறாது பானு. அறுத்தாத்தான் உண்டு."

"மணி இன்னா?"

"மூணு நாப்பது," என்றாள் சுவேதா. "ம்மா, கத்தி ஒயர்ல பட்டுச்சுன்னா அவ்ளோதான். எல்லாம் போச்சு."

பானுமதி உள்ளே போய் மீன் வெட்டுகிற சின்னக் கத்தியை எடுத்துவந்தாள். பெரிய கத்தியை அவள் தொடவில்லை. இருபத்தைந்து வருஷமாக, முள்ளில் கீறாமல் தோலை மட்டும் உரித்து எடுக்கிற கத்தி இது. டவுன்ஷிப் குழந்தைகள் தின்கிற மீனில் அவள் ஒரு முள் விட்டதில்லை.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க. வெளிச்சத்த மறைக்காதீங்க."

வலைநூலுக்கும் ஒயருக்கும் நடுவில் கத்தி முனையை நுழைத்தாள். வெளிப்பக்கமாகவே இழுத்தாள். ஒரு இழை. இன்னொரு இழை. தணிகைவேல் மூச்சுவிடாமல் ஒயரைத் தாங்கிப் பிடித்திருந்தான். கடைசி இழை அறுந்ததும் சுற்றுகள் மூன்றும் தானாக விரிந்து அவன் உள்ளங்கையில் விழுந்தன. கறுப்பு உறையில் ஒரு கீறல்கூட இல்லை.

"பச்சை!" உள்ளேயிருந்து சுவேதா கத்தினாள். "ம்மா, பச்சை வந்துடுச்சு!"

"வுட்டா மறுபடி ஆடுமே," என்றான் தணிகைவேல் மெதுவாக. "இன்னா பண்ணலாம் சொல்லு. இந்த வாட்டி நீ சொல்றபடி செய்றேன்."

பானுமதி கையை உயர்த்தி வளையலைக் காட்டினாள். "இந்த வட்டத்துக்குச் சின்னதா மடியக் கூடாது. அவ்ளோதான்."

தணிகைவேல் ஒரு கணம் வளையலைப் பார்த்தான். பிறகு விறுவிறுவென்று பின்பக்கம் போனான். திரும்பி வந்தபோது கையில் பெரிய வலை மிதவை ஒன்று இருந்தது. தேங்காய் அளவுக்கு மஞ்சள் உருண்டை. மிதவையைத் தூணில் கட்டினான். ஒயரை அதன்மேல் பூப்போல ஒரே ஒரு சுற்று விட்டு, நூலைத் தளர்வாகப் போட்டான். காற்று அடித்தது. மிதவை லேசாக உருண்டுகொடுத்தது. ஒயர் ஆடவில்லை.

"இது எப்பிடி?"

"இது மொதல்லயே தோணலியா உனக்கு?"

"நீ மொதல்லயே வளையலக் காட்டியிருக்கணும்."

மூன்று ஐம்பத்தெட்டுக்கு லேப்டாப்பில் சுவேதாவின் மேலதிகாரி விஷாகா தெரிந்தாள். "ரெடியா சுவேதா?"

"ரெடி மேடம்."

அந்த அரை மணி நேரத்தை எப்படிச் சொல்ல! கதவுக்கு இந்தப் பக்கம் பானுமதி, மடியில் குழந்தை. பக்கத்தில் தணிகைவேல். எப்போது வந்தான் என்றே தெரியாமல் லோகுவும் வந்து சுவரோரம் குந்திக்கொண்டான். மூன்று பேர் கண்ணும் அந்தப் பச்சை விளக்கின் மேலேயே இருந்தது. கோயில் பக்கம் பம்பை அடிக்கிற சத்தம் கேட்டபோது, அதில் விளக்கு அதிர்ந்துவிடுமோ என்று தணிகைவேல் ஜன்னலைச் சாத்தினான்.

"இருபது நிமிசம்," என்று லோகு கிசுகிசுத்தான்.

"பேசாத."

"நான் பேசுனா லைனு அறுந்துடுமா அண்ணி?"

"உன் லைனா இருந்தா அறுந்திருக்கும்."

லோகு துண்டை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தான்.

நாலரை மணிக்கு விஷாகாவின் குரல் வெளியே கேட்டது. "வர்றதும் போறதும் ரெண்டுமே சூப்பர். ஒரு தடவைகூட கட் ஆகலை. சென்னையில இருந்து எங்க ஆளுங்க அனுப்புறதைவிட நல்லா இருக்கு. எந்த ஊர்னு சொன்னீங்க?"

"புதுப்பட்டினம் மேடம்," என்றாள் சுவேதா. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, "கடலோரம்" என்று சேர்த்துக்கொண்டாள்.

"திங்கள்கிழமை வீட்டுலேருந்தே ஆரம்பிச்சுடுங்க."

தணிகைவேல் போட்ட கூச்சலில் குழந்தை முதலில் மிரண்டது, பிறகு கைதட்டியது. சுவேதா ஓடிவந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மீன் வாடை அடிக்குமே என்று பானுமதி விலகப் பார்த்தாள். மகள் விடவில்லை. ஆராயி வாசலில் நின்று, "பாத்தியா? ஆத்தா கம்பம் ஊனாம வுட்டதுனாலதான் ஜெயிச்ச" என்று தன் பங்கையும் எழுதிக்கொண்டு போனாள்.

"அவருக்குச் சொல்லணும்மா!" சுவேதா லேப்டாப்பிலிருந்தே கிஷோருக்குப் போட்டாள். "இனிமே உங்க பக்கம் நெட்டு சரியில்ல, ஒண்ணும் தெரியலன்னு அவரு சொல்ல முடியாது."

ஏழு மாதமாக கிஷோர் சொல்லிவந்தது அதைத்தான். இரண்டு வார்த்தை பேசுவதற்குள் முகம் கட்டம் கட்டமாகி நின்றுவிடும். "உங்க பக்கம்தான் சரியில்ல" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

இன்று முகம் பளிச்சென்று வந்தது. மீசையில் ஒவ்வொரு முடியும் தெரிந்தது.

"இன்னா சுவேதா, இந்நேரத்துல?"

"நான் பாஸுங்க! வூட்டுலேருந்தே வேலை! புது லைனு போட்டுட்டோம். இருங்க, பாப்பாவத் தூக்கிட்டு வர்றேன். அம்மாகிட்ட பேசிக்கினு இருங்க."

சுவேதா குழந்தையைத் தூக்கத் திரும்பினாள். பானுமதி திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். "நல்லா கீறீங்களா மாப்ள? மஸ்கட்டுல வெயிலு எப்பிடி?"

"கொளுத்துது அத்த. தாங்க முடியல."

கிஷோருக்குப் பின்னால் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே ஒரு ரோடு. ரோட்டில் ஒரு டவுன் பஸ் வந்து, ஆள் இறக்க நின்றது. கருவாட்டுக் கூடையோடு மாதம் இரண்டு முறை புதுப்பட்டினத்தில் பானுமதி ஓடிப்போய் ஏறுகிற அதே பஸ். தூரத்தில் வரும்போதே அவள் படித்துவிடுகிற அதே பலகை.

கருங்குழி.

பஸ் கிளம்பிப் போயிற்று. அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. துடைக்க வேண்டிய அவசியமே இல்லாத அளவுக்கு, பத்து நாள் விசாரித்து, கம்பம் கேட்டு வாங்கி, முடிச்சை அறுத்துக் கொண்டுவந்த படம் அது.

பின்னால் சுவேதா குழந்தையிடம், "அப்பா பாரு, அப்பா" என்று கொஞ்சிக்கொண்டு வருவது கேட்டது.

"மாப்ள," என்றாள் பானுமதி, சிரித்த முகம் மாறாமல். "இனிமே எங்க பக்கம் எல்லாமே சுத்தமா தெரியுது. உங்களுக்குப் பின்னாடி இன்னா போவுதுன்னுகூட."

கிஷோரின் முகம் அப்படியே நின்றது. மறுபடி லைன்தான் நின்றுவிட்டதோ என்று பானுமதி ஒரு கணம் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

பச்சை விளக்கு அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. திரையில், அவருக்குப் பின்னால் ஜன்னல் துணி காற்றில் ஆடிக்கொண்டுதான் இருந்தது.